கற்பூரத்துக்கு ஒரு நல்ல வேலை

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச ஒப்புக்கொண்ட விஷயத்தை நோட்டீஸில் கண்ட சில தோழர்கள், "சாமி, சாதி, சாஸ்திரம் என்று பேசுவதை விட்டுவிட்டு, வெளிநாட்டான் எலும்பு செய்கிற வித்தையைப் பற்றிப் பேசினால் நமக்கென்ன லாபம்?" என்று வழியிலேயே நம்மை நிறுத்திக் கேட்டார்கள். அவர்களுக்கு நாம் சொல்லுவது என்னவென்றால், இன்று பேசப்போவதும் அந்த மூன்றையும் பற்றித்தான். எப்படியென்றால் கேளுங்கள்.

2014-ம் வருஷம் அக்டோபர் மாதம் பம்பாயில் ஓர் ஆஸ்பத்திரித் திறப்பு விழா நடந்தது. டாக்டர்கள் நிறைந்த அந்தச் சபையில் நம் நாட்டுப் பிரதம மந்திரி நரேந்திர மோடி அவர்களே, பிள்ளையாருக்கு யானைத் தலை இருப்பதைக் காட்டி, அந்தக் காலத்திலேயே நம்மவர்களுக்குப் பிளாஸ்டிக் சர்ஜரி தெரிந்திருக்க வேண்டும் என்பதாகப் பேசினார். சபையிலிருந்த டாக்டர்களில் யாராவது எழுந்து, "எந்த ரத்தக் குழாயை எதனோடு சேர்த்துத் தைத்தார்கள்?" என்று கேட்டதாக நமக்குத் தகவல் இல்லை. கதையில் தலையை வெட்டினவரும் கடவுள், ஒட்டினவரும் கடவுள். எப்படி ஒட்டினார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லாததால், அதைப் படித்த எவனாலும் இன்று வரை ஒரு விரலைக்கூட ஒட்ட முடியவில்லை. பார்த்த எவனும் திரும்பச் செய்ய முடியாத காரியத்துக்கு வித்தை என்று பெயரில்லை. கதை என்றுதான் பெயர்.

அப்படியானால் இந்நாட்டான் யாருக்கும் அவ்வித்தை தெரியாதா என்றால், தெரிந்திருந்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சுசுருதர் பேரால் வழங்கும் நூலில் அறுந்த மூக்கைச் சரி செய்யும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. கண்ணால் பார்த்து எழுதிய சாட்சியமும் உண்டு. திப்புவோடு ஆங்கிலேயர் நடத்திய யுத்தத்தில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கோவாஸ்ஜி என்ற மராட்டிக் குடியானவர் பிடிபட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டார். புனாவுக்குப் பக்கத்தில் ஒருவர் அவருடைய மூக்கின் அளவுக்கு மெழுகில் அச்சு எடுத்து, அதை நெற்றியில் தட்டி விரித்து, அந்த அளவுக்கு நெற்றித் தோலை அறுத்துத் திருப்பி மூக்காக வைத்துக் கட்டினார். 1794-ம் வருஷம் லண்டன் பத்திரிகையொன்றில் இது படத்துடன் வந்தது. அதைப் படித்துத்தான் கார்ப்யூ என்ற டாக்டர் 1814-ல் லண்டனில் அம்முறையைச் செய்து பார்த்தார்.

அந்தப் புனாக்காரர் யார் தெரியுமா? வேதம் படித்த பார்ப்பனரா? இல்லை, தோழர்களே! செங்கல் அறுக்கிற ஜாதியார் என்று அப்பத்திரிகையே எழுதியிருக்கிறது. மண் பிசைந்த கைதான் மூக்கையும் பிசைந்தது. அந்தக் கைக்காரனுக்குச் சாஸ்திரம் கொடுத்த மரியாதை என்ன? வைத்தியன் இட்ட சோற்றையே உண்ணத்தகாத அசுத்தங்களோடு மனுதர்ம சாஸ்திரத்தின் நாலாவது அத்தியாயம் சேர்த்து வைத்திருக்கிறது. புண்ணைத் தொட்டவன் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கிவிட்டால் வைத்தியம் எங்கிருந்து வளரும்?

நிற்க, அந்தச் செங்கல்காரர் செய்ததில் ஒரு குறை உண்டு. மூக்கைக் கட்ட நெற்றியைக் காயப்படுத்த வேண்டியிருந்தது. இன்றைக்கும் பெரும்பாலும் அதே கதைதான். வண்டி மோதியோ கட்டி வந்தோ ஒருவருக்குக் கால் எலும்பில் இரண்டு மூன்று அங்குலம் போய்விட்டால், இடுப்பெலும்பிலிருந்து வெட்டி எடுத்து அங்கே வைக்கிறார்கள். கால் ஆறுவதற்குள் இடுப்பு வலி தொடங்குகிறது. அங்கே எடுக்கக்கூடிய எலும்புக்கும் ஓர் அளவுண்டு.

சிறு முறிவானால் எலும்பு தானே கூடிவிடுகிறதே, பெரிய இடைவெளி ஏன் கூடுவதில்லை? எலும்பு மெதுவாக வளருவது. தழும்புத் தசை வேகமாக வளருவது. இடைவெளி பெரியதானால் எலும்பு வந்து சேருவதற்கு முன்பே தழும்பு உள்ளே புகுந்து இடத்தைப் பிடித்துக் கொள்ளுகிறது. ஆகவே, இடத்தைக் காத்து நிற்கவும், எலும்பு அணுக்கள் பற்றி ஏறவும் ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

கொத்தனார் சுவர் எழுப்பச் சாரம் கட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். சவுக்குக் கம்பும் கயிறும் சுவராகாது. ஆனால் அவையில்லாமல் மேல் சுவர் எழும்பாது. சுவர் முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும். உடம்புக்குள் கட்டுகிற சாரத்தை யார் போய்ப் பிரிப்பது? மறுபடியும் அறுக்க வேண்டும். ஆகவே, கட்டடம் ஏற ஏறத் தானே கரைந்து போகிற சாரம் வேண்டும் என்று நினைத்தார்கள். அமெரிக்காவில் லாங்கர் என்ற ரசாயன இஞ்சினீரும் வக்கான்ட்டி என்ற அறுவை வைத்தியரும் 1993-ம் வருஷம் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்த எண்ணத்தை உலகமெங்கும் பரப்பிற்று.

1997-ல் முதுகில் காது முளைத்த எலியின் படம் வந்ததைச் சில தோழர்கள் பார்த்திருக்கலாம். எலி முதுகில் மனிதக் காது என்று அலறியவர்களும், கலிகாலம் முற்றியது என்றவர்களும் உண்டு. அதில் மனித அணு ஒன்றுகூட இல்லை. காது வடிவில் கரையும் பொருளால் சாரம் செய்து, அதில் மாட்டின் குருத்தெலும்பு அணுக்களைத் தூவி, எலியின் தோலுக்கடியில் வைத்தார்கள். குருத்தெலும்பு அவ்வடிவத்தில் வளர்ந்தது. அவ்வளவுதான். அது கேட்காத காது. விஞ்ஞானத்தின் பேராலும் புராணம் எழுதுகிறார்கள் என்பதற்காக இதைச் சொன்னோம்.

இனி, சாரத்துக்கு என்னென்ன யோக்கியதை வேண்டும்? பாரம் தாங்க வேண்டும். உள்ளெல்லாம் துளை இருக்க வேண்டும். ஏனெனில் உயிரணு ரத்தக் குழாயை விட்டு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் தள்ளியிருந்தால் மூச்சு முட்டிச் சாகும். சரியான காலத்தில் கரைய வேண்டும். முந்திக் கரைந்தால் சுவர் இடியும், பிந்திக் கரைந்தால் சுவருக்கே இடமிராது. கரைந்த நீர் விஷமாயிருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொருவர் காயமும் ஒவ்வொரு வடிவமாயிருப்பதால் அந்தந்த வடிவத்துக்குச் செய்யக்கூடியதாயிருக்க வேண்டும். இந்தக் கடைசி யோக்கியதைக்குத்தான் வெளிச்சம் வந்து உதவுகிறது.

வெளிச்சம் பட்டால் சில பொருள்கள் இறுகும் என்பது புது விஷயமல்ல. 1820-களில் பிரான்சில் நியெப்ஸ் என்பவர் ஒருவகைக் கீலைத் தகட்டில் பூசி வெயிலில் வைத்தார். வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாயிற்று. படாத இடத்தை எண்ணெயால் கழுவிவிட்டார். உலகத்தின் முதல் புகைப்படம் அப்படித்தான் வந்தது. மேஜைப் பலகைக்குப் பூசி ஊதா கடந்த ஒளியால் இறுகச் செய்யும் பூச்சைக் கையாண்ட அமெரிக்கர் சார்லஸ் ஹல் என்பவர், அதையே ஒன்றன்மேல் ஒன்றாக ஏடு ஏடாய் இறுக்கி எந்த உருவத்தையும் எழுப்பலாம் என்று கண்டு, 1984-ல் உரிமைக்கு எழுதிப் போட்டு 1986-ல் பெற்றார்.

இவ்வளவு தூரம் போவானேன்? டவுனில் பல் அடைத்துக்கொண்ட தோழர்கள் இங்கே இருப்பீர்கள். வைத்தியர் மாவுபோல ஒன்றைப் பல்லில் வைத்து, நீல விளக்கை வாய்க்குள் காட்டி, சில விநாடிகளில் கல்லாக்கிவிடுகிறாரே, அதுதான் இது. அந்த மாவுக்குள் வெளிச்சத்தை வாங்கி வேலையைத் தொடங்குகிற சரக்கு ஒன்று உண்டு. பெரும்பாலும் அதன் பெயர் கேம்பர்குவினோன். 'கேம்பர்' என்றால் என்ன? சாட்சாத் கற்பூரந்தான், தோழர்களே! சூடம்! கற்பூரத்தைச் செலினியம் சேர்ந்த ஒரு சரக்கோடு காய்ச்சினால் மஞ்சள் நிறமான இந்தப் பொருள் கிடைக்கிறது. சுமார் 468 நானோமீட்டர் நீள அலையுள்ள நீல ஒளியை இது நன்றாக வாங்கிக் கொள்ளும். கரையும் சாரங்களை இறுக்கவும் இதைக் கையாண்டு பார்க்கிறார்கள்.

எத்தனையோ தலைமுறையாக நாம் கற்பூரத்தை என்ன செய்தோம்? கல்லின் முன் கொளுத்தினோம். எரிந்த பின் ஒன்றும் மிச்சமில்லாமல் போவதைக் காட்டி, இதுபோல ஆன்மா ஆண்டவனிடம் கரையும் என்று வேதாந்தம் சொன்னார்கள். மிச்சமில்லாமல் போனது நம் காசு; மிச்சமானது கர்ப்பக்கிருகத்துச் சுவரில் கரி. அதே கற்பூரத்தை ஒருவன் எரிக்காமல் எடுத்து, இது எந்த ஒளியை விழுங்குகிறது, விழுங்கிய பின் என்னாகிறது என்று கேட்டான். அவன் பல்லை அடைத்தான்.

விழுங்கிய பின் என்னாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். நம் சாரத்துச் சரக்கு நீண்ட சங்கிலிகளாலான கெட்டித் திரவம். ஒவ்வொரு சங்கிலியிலும் அங்கங்கே ஒரு கை மடித்து வைத்திருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒளி வாங்கிய சரக்கு கலவரப்பட்டு, ஜோடியில்லாத எலக்ட்ரானோடு ஓடி ஒரு கையைப் பிடித்து இழுக்கிறது. இழுபட்ட கை அடுத்த சங்கிலியின் கையைப் பிடிக்கிறது, அது அதற்கடுத்ததை. கண் மூடித் திறப்பதற்குள் தனித்தனி நூலாயிருந்தது வலையாகிவிடுகிறது. விளக்கை அணைத்தால் புதுப்பிடி தொடங்குவது நின்றுவிடும். விளக்குப் படாத இடம் திரவமாகவே இருக்கும்; கழுவிவிடலாம். ஆகவே எங்கே துளை வேண்டுமோ அங்கே வெளிச்சம் காட்டாமல் விட்டால் போதும்.

இதற்கேற்ற சரக்குகளில் ஒன்று பாலிபுரொப்பிலீன் ஃபூமரேட் என்பது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ரைஸ் சர்வகலாசாலையில் மிக்கோஸ் என்ற கிரேக்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் வெகு காலம் இதில் உழைத்திருக்கிறார்கள். 2002-ல் ஒளியால் இறுக்கிய சாரத்தை முயல்களின் தோலுக்கடியிலும் மண்டையோட்டிலும் வைத்துப் பார்த்து, உடம்பு அதை மூர்க்கமாக எதிர்க்கவில்லை என்று எழுதினார்கள். 2003-ல் ஹல்லின் முறைப்படி ஏடு ஏடாக எழுப்பிக் காட்டினார்கள். இச்சங்கிலியின் கண்ணிகளை நம் உடம்பிலுள்ள தண்ணீரே மெள்ள வெட்டுகிறது. வெட்டினால் வருவது ஃபூமரிக் அமிலமும், மருந்துகளில் சேர்க்கிற புரொப்பிலீன் கிளைக்காலும். ஃபூமரிக் அமிலம் உடம்புக்குப் புதிய விருந்தாளியல்ல. நாம் தின்ற சோறு உடம்பில் எரிந்து பலமாகும் வழியில் வருகிற பொருள்களில் ஒன்று. அந்த வழி முழுவதையும் 1937-ல் இங்கிலாந்திலிருந்து கண்டு சொன்னவர் ஹான்ஸ் கிரெப்ஸ். அவர் ஜெர்மானியர். பிறப்பால் யூதர் என்பதற்காக 1933-ல் நாஜிகள் அவரை வேலையிலிருந்து துரத்தினார்கள். பிறவியைப் பார்த்து வேலை என்பவர்கள் நம் நாட்டில் மட்டுமில்லை. துரத்தியவன் நாட்டுக்கு நஷ்டம். 1953-ல் நோபல் பரிசு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது.

எல்லாம் கரைந்துவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் வெட்டுவது பழைய கண்ணிகளைத்தான். ஒளியால் புதிதாகப் போட்ட முடிச்சுகளை அது வெட்டாது. அவை சிறு சிறு துண்டுச் சங்கிலிகளாக நிற்கும். சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளும்படி அவை சிறியவையாயிருக்க வேண்டும் என்பது இத்துறையாரின் ஓயாத கவலை.

கவலை இன்னும் உண்டு. வெளிச்சம் ஆழத்தில் போகாது. அதனால்தான் பல் வைத்தியர் சுமார் இரண்டு மில்லிமீட்டராக வைத்து வைத்து விளக்குக் காட்டுகிறார். காற்றிலுள்ள பிராணவாயு கலவரப்பட்ட கையைத் தானே பிடித்துக்கொண்டு சங்கிலியை நிறுத்திவிடும். மேல்பரப்பு பிசுபிசுப்பாய் நிற்பது அதனால். இறுகும்போது சூடு உண்டாகிறது. உள்ளே உயிரணுக்களைக் கலந்து வைத்திருந்தால் அவை வாடும். அக்கலவரச் சரக்கே அணுக்களையும் தாக்கும். ஊதா கடந்த ஒளியோ அணுவின் வித்தையே கெடுக்கக் கூடியது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும், தண்ணீரில் கரைகிற சாதுவான தொடக்கிகளுக்கும் வர வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் ஒருவன் தவறு செய்து கண்டுபிடித்திருக்கிறான். தவறை அச்சிட்டு வெளியிட்டுமிருக்கிறான்.

உடம்புக்கு வெளியே செய்து உள்ளே வைப்பது ஒருவகை. திரவத்தையே உள்ளே விட்டு அங்கேயே இறுக்குவது மற்றொருவகை. இருட்டில் டார்ச் விளக்கைப் பொத்திப் பாருங்கள், விரல் சிவந்து தெரியும். தோல் வழியே ஒளி கொஞ்சம் போகிறது. 1999-ல் எலிஸ்ஸீஃப் என்ற அம்மையாரும் தோழர்களும், தோலுக்கடியில் ஊசியால் விட்ட திரவத்தை வெளியிலிருந்து விளக்குக் காட்டியே எலியில் இறுக்கிக் காட்டினார்கள். பிறகு அவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் இருந்தபோது, மனிதர் முழங்காலுக்கு வந்தார். குருத்தெலும்பு தேய்ந்து குழி விழுந்த இடத்தில் எலும்பைப் பொடியாகக் குத்தி, மஜ்ஜையின் ரத்தத்தைக் கசியவிடுவது பழைய சிகிச்சை. கசிந்தது நிலைக்காமல் ஓடிவிடும். அக்குழியில் ஒரு பசை தடவி, திரவத்தை ஊற்றி, ஒளி காட்டிக் கூழாக்கி, கசிந்ததைப் பிடித்து வைத்தார்கள். 15 பேருக்கு இப்படியும் 3 பேருக்குப் பழையபடியும் செய்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். கூழ் வைத்தவர்களுக்குக் குழி அதிகம் நிரம்பிற்று. நல்ல சேதிதான், என்றாலும் 18 பேர் 18 பேரே. ஒளியில் இறுகும் பசைகள் ஆஸ்பத்திரிக்குள் முன்பே நுழைந்துவிட்டன: நுரையீரல் ஒழுகலை அடைக்க 2000-ல் அமெரிக்காவில் ஒன்றும், ரத்தக் குழாய்த் தையலுக்கு 2017-ல் ஐரோப்பாவில் ஒன்றும் அனுமதி பெற்றன. ஒளியில் இறுக்கிய எலும்புச் சாரம் மட்டும் இன்னும் ஊருக்கு ஊர் கிடைக்கிற சிகிச்சையாகவில்லை. கிடைக்கிறது என்று எவனாவது விளம்பரம் செய்தால், லேகியக்காரனிடம் கேட்கிற கேள்வியையே அவனிடமும் கேளுங்கள்.

ஏனென்றால் இத்துறையிலும் ஒரு பூசாரி கிளம்பினான். 2011-ல் ஸ்டாக்ஹோமில் மக்கியாரினி என்ற இத்தாலிய டாக்டர், பிளாஸ்டிக் மூச்சுக் குழலை நோயாளியின் மஜ்ஜை அணுக்களில் ஊறவைத்துப் பொருத்தினால் அது உயிருள்ள குழலாகிவிடும் என்று சொல்லிப் பொருத்தினார். அது கரையும் சாரமுமல்ல, ஒளியில் இறுகினதுமல்ல. மிருகங்களில் சரியாகச் சோதிக்கவுமில்லை. பெரிய பத்திரிகைகள் கொண்டாடின. அந்நகரில் அவரிடம் குழல் பெற்ற மூவரும் இறந்தார்கள். கூட வேலை செய்த டாக்டர்கள் நால்வர் 2014-ல் எழுதிக் கொடுத்தார்கள். முதலில் அவர்கள் பேச்சு எடுபடவில்லை. கடைசியில் 2023-ல் மேல்கோர்ட்டு அவருக்கு இரண்டரை வருஷம் தண்டனை விதித்தது.

இதைக் கேட்டுவிட்டு நம் வைதிகத் தோழர்கள், "பார்த்தீர்களா உங்கள் விஞ்ஞானத்தின் யோக்கியதை?" என்பார்கள். பார்த்தோம். கூட இருந்தவனே கணக்குக் கேட்டான், கோர்ட்டு விசாரித்தது. சாமியாடி வேப்பிலை அடித்துச் செத்த குழந்தைக்கு எந்தப் பூசாரி எந்தக் கோவிலில் கணக்குக் கொடுத்தான்? செத்தது விதி என்றுதானே தாயிடம் சொன்னான்?

இன்னொரு சங்கதி. இன்று சாரம் செய்ய மிகவும் புழங்குகிற சரக்குகளில் ஒன்று ஜெலட்டின். 2000-ல் பெல்ஜியத்தார் அதை ஒளியில் இறுகும்படி மாற்றினார்கள். ஜெலட்டின் எதிலிருந்து வருகிறது? பன்றித் தோல், மாட்டுத் தோல், மாட்டெலும்பு. நாளைக்கு இது நம் ஆஸ்பத்திரிகளுக்கு வரும்போது, பன்றியைத் தொட்டால் தீட்டு என்பவனும், மாட்டைத் தின்றவனை அடிக்கிறவனும், முழங்கால் வலித்தால் சத்தமில்லாமல் படுத்து ஏற்றிக்கொண்டுதான் போவான். ஏற்றிக்கொள்ளட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. அந்தத் தோலை உரித்தவன் பிள்ளை அதே ஆஸ்பத்திரியில் டாக்டராக வந்து நிற்க இடம் உண்டா, அந்தச் சாரத்தின் விலை அவன் தகப்பனுக்கு எட்டுமா என்பதுதான் நம்முடைய கேள்வி. காப்புரிமை ஒரு கம்பெனியின் பெட்டியிலும், படிப்பு ஒரு ஜாதியின் வீட்டிலும் இருந்தால், கால் ஒடிந்த கூலிக்காரனுக்குக் கிடைப்பது பழையபடி கர்மபலன் என்ற சமாதானந்தான்.

ஆகையால், தோழர்களே, கால் முடமான ஒருவரைப் பார்த்து "போன ஜன்ம வினை" என்று இவ்வூரில் எவனாவது சொன்னால், அவன் எதிரிலேயே எலும்புக்கும் தழும்புக்கும் நடக்கிற ஓட்டப் பந்தயத்தை எடுத்துச் சொல்லுங்கள். பெண் குழந்தைகளையும் ஆண் குழந்தைகளையும் ரசாயனம் படிக்க அனுப்புங்கள். இந்த வாசகசாலைக்கு ரசாயனப் புத்தகம் நான்கு வாங்கக் கூட்டத்தார் தீர்மானித்திருப்பதாகத் தலைவர் சொன்னார். திருவிழாக் கற்பூரச் செலவுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், வாசலில் உண்டி வைத்திருக்கிறது.

சந்தேகம் கேட்க விரும்பும் தோழர்கள் இப்பொழுது கேட்கலாம்.